டயல் பூட்டு

தனக்கோடி டெலிபோன் டயலைச் சுழற்ற முடியாதபடி போட்டிருந்த பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அவள் புருஷன் சகாதேவன் நெஞ்சைப் பிடித்தபடி பாயில் கிடந்தார். சாவி, அவர் படகில் சாய்ந்தபோதே ஏரியில் விழுந்துவிட்டது.

"ஒடச்சிடட்டா அக்கா?" என்றான் படகுக்காரன் தருமலிங்கம்.

"வாணாம், டயலும் போயிடும். ஆஸ்பத்திரிக்குக் கார் வேணும்."

வேறு வழியில்லாமல் ரிசீவரை எடுத்து, அது உட்காரும் பொத்தானை ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனை தடவை தட்டி, டயல் இல்லாமலே நம்பரைப் போட்டாள். மறுமுனையில் மணியடித்தது.

"சொல்லும்மா!" குரல் அறை முழுக்கக் கேட்டது. "இன்னா, இன்னிக்கு இந்நேரத்துல? நைனா ஊட்ல இல்லியா?"

கார் டிரைவரைக் கட்டிக்கொண்டு போன மகளோடு பேசக் கூடாதென்றுதான் சகாதேவன் அந்தப் பூட்டையே போட்டிருந்தார்.

"இருக்காரு. கேட்டுக்கினுதான் இருக்காரு," என்றாள் தனக்கோடி. "மாப்ளய கார எடுத்துக்கினு வரச் சொல்லு."