செம்பட்டை முடி

"கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடாதீங்க" என்றார் இடுக்கி.

"எவ்வளவு நேரம்னு சொல்லிட்டீங்கன்னா வசதியா இருக்கும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தத் தடயவியல் நிபுணருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. எந்நேரமும் கையில் இடுக்கியோடு திரிந்ததால் காவல் நிலையமே கூடி அதை மாற்றிவிட்டது. உடைபட்ட பீரோவின் உள்விளிம்பிலிருந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல எதையோ தூக்கிக் கண்ணாடிக் குப்பிக்குள் இறக்கினார். செம்பட்டை நிறத்தில், நுனி மட்டும் வெளுத்த ஒரு முடி.

பூனை முடி. வீட்டுக்காரம்மாவோ, தாங்கள் கொசுவைக்கூட வளர்ப்பதில்லை என்று சத்தியம் செய்தார்.

திருட்டுப் போன மூன்றாவது வீடு இது. மூன்றிலும் கைரேகை கிடையாது. மூன்றிலும் செம்பட்டை முடி உண்டு. திருடன் பூனை வளர்க்கிறான் என்று இன்ஸ்பெக்டர் குதூகலித்தார்.

மாலையில் இடுக்கி தன் வீட்டுக் கூடத்தில் தடயம் எடுக்கும் கருவிப் பையை இறக்கி வைத்ததுதான் தாமதம், அவருடைய பூனை வழக்கம்போல அதன்மேல் ஏறிச் சுருண்டுகொண்டது. செம்பட்டைப் பூனை. அதன் முதுகிலிருந்து ஒரு முடியை எடுத்து லென்ஸில் பார்த்தார். நுனி மட்டும் வெளுத்த, அதே முடி.

தடயம் எடுக்கப் போனவரே தடயத்தைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தால் வழக்கும் நிற்காது, வேலையும் நிற்காது. சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்லக் கூச்சப்பட்டு, கூடவே தங்கியிருக்கும் அவள் தம்பியிடம் புலம்பினார். அந்த வீட்டில் அவர் தொழிலை மதிக்கும் ஒரே ஜீவன் அவன்தான். கைரேகை எதில் விழும், எதில் விழாது என்று கதை கேட்பதுபோலக் கேட்பான். இடுக்கியும் வகுப்பே எடுத்துவிடுவார்.

"உண்மைய ஒத்துக்கிட்டுருங்க மாமா" என்றான் மச்சான், மடியில் ஏறிய பூனையைத் தடவியபடி. "எல்லாம் உங்க பையிலேர்ந்து விழுந்த முடிதான்னு சொல்லிருங்க. கேஸ் போனாப் போகுது. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

இவ்வளவு நல்ல பிள்ளைக்கு இன்னும் ஒரு வேலை அமையவில்லையே என்று இடுக்கிக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை முதல் வேலையாக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். வேலையை விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அலமாரியைத் திறந்து, அரக்கு முத்திரை பிரியாத குப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது மொத வீட்டுல கெடச்சது சார். அன்னிக்கு நீங்க காய்ச்சல்னு பையோட வீட்டுல படுத்துட்டீங்க. எடுத்தது உங்க உதவியாளர். அவரு பூனைப் படத்தப் பாத்தாலே தும்முற ஆளு."

இடுக்கி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனி மட்டும் வெளுத்திருந்தது.

"நீங்களும் போகல, உங்க பையும் போகல" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்ப உங்க பூனையோட முடி மட்டும் அங்க எப்படிப் போச்சு?"

இடுக்கி மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தம்பி இன்னும் தூங்குறானா? சரி, எழுப்பாத. அவன் சட்டை எதையும் துவைச்சிடாத."