ரெண்டு கிலோ கூட

"மெஷின் ஓடணும்ணே. ஆனா ரெண்டு கிலோ கூடக் காட்டணும்."

பழனிவேல் முன்னாலிருந்த தையல் மெஷினை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, வந்தவரை நிமிர்ந்து பார்த்தார்.

வடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் கடை. தையல் மெஷின், கிரைண்டர், தராசு எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். எதிரே நின்ற செல்வகுமார் நெய்வேலி மைன்ஸில் வேலை பார்ப்பவர். செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினார்.

ஆளுயரத்துக்கு ஒரு பழைய எடை மெஷின். ரயில்வே ஸ்டேஷனிலும் தியேட்டர் வாசலிலும் நிற்குமே, காசு போட்டால் கலர் லைட் சுற்றி, எடை அச்சடித்த அட்டை விழுமே, அது.

"என்ன வியாபாரம் பண்றீங்க சார்?"

"வியாபாரம்லாம் இல்லண்ணே. வூட்லதான் இருக்குது."

"வூட்ல இருக்கறதுக்கு எதுக்குப் பொய் எடை? மூட்டை ஏத்தி விக்கறீங்களா? முந்திரிக்கொட்டையா, பலாப்பழமா?"

செல்வகுமார் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நான் எடையில கை வெக்க மாட்டேன் சார். வேற ஆளப் பாருங்க."

"வேற ஆளு கெடைக்கலண்ணே."

அது உண்மை. கடலூர் தராசுக் கடைக்காரர், "இதுக்கு ஸ்பேர் வராது, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். குள்ளஞ்சாவடியிலிருந்து வந்த ஒருத்தர் பின்பக்க மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார், அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. பழைய மெஷின்கள் சேகரிக்கும் ஒரு சென்னைக்காரர், ரிப்பேர் தெரியாது, விலைக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். யாரோ ஒரு டெய்லர் சொல்லித்தான் செல்வகுமார் இங்கே வந்தார்.

"என் சம்சாரத்துக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சுண்ணே" என்றார் மெதுவாக.

பழனிவேல் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

"அந்த மெஷின் அவ அப்பாவோடது. குறிஞ்சிப்பாடி தியேட்டர்ல வெச்சிருந்தாரு. தியேட்டரை இடிச்சப்ப எங்க குவார்ட்டர்ஸுக்கு எடுத்தாந்துட்டா. இப்ப ஆளு பாதியாயிட்டா. டாக்டர் பயமில்ல, எடை மெதுவாத்தான் ஏறும்னு எங்கிட்ட சொல்லிட்டாரு. நான் சொன்னா இவ நம்ப மாட்டேங்கறா. சோத்தப் பெசஞ்சி வெச்சிக்கினு அப்படியே ஒக்காந்திருக்கா."

"சரி..."

"அப்பா மெஷின் ஓடட்டும், அதுல ஏறிப் பார்க்கறேன், அது ஏத்தம் காட்டுனா நம்பறேங்கறா. சரி பண்ணி ஏறுனா அது உள்ளதைச் சொல்லிடும்ணே."

பழனிவேல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம வர்றேன். கரன்ட் இருக்குமில்ல?"

சொன்னபடி வந்தார். குவார்ட்டர்ஸ் ஹாலில், டிவி இருக்க வேண்டிய இடத்தில் மெஷின் நின்றது. பக்கத்தில் சேரைப் போட்டு செல்வகுமாரின் மனைவி சரிதா உட்கார்ந்துகொண்டாள். நைட்டிக்கு மேலே போட்டிருந்த துண்டு அடிக்கடி தோளிலிருந்து நழுவியது.

"ஓடுமாண்ணே?"

"ஓடும்மா. எலி ஒயரைக் கடிச்சிருக்கு. காசு எறங்கற வழியில துரு."

துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஒயர் மாற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சரிதா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். செல்வகுமார் பழனிவேலைப் பார்த்தார். பழனிவேல் ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த நட்டை லேசாகத் திருகினார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத வேலை. ஸ்பேனர் ஒருமுறை வழுக்கியது.

சரிதா ஏறி நின்றாள். செல்வகுமார் காசு போட்டார். லைட் சுற்றியது. உள்ளே ஏதோ கரகரத்தது. அட்டை விழுந்தது.

செல்வகுமார்தான் முதலில் எடுத்தார். "நாப்பத்தஞ்சு சரிதா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப நாப்பத்திமூணு."

அட்டையை வாங்கி அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப தேறிக்கினுதான் வர்றேன்."

"அதத்தான நான் சொல்லிக்கினே இருக்கேன்." செல்வகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார். "மீன் வாங்கியாறேன். அண்ணனும் சாப்புட்டுட்டுத்தான் போவணும்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேயும்வரை சரிதா ஜன்னலோரம் நின்றாள். அப்புறம் பழனிவேல் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"மெஷின் ரெண்டு கிலோ கூடக் காட்டுது. நேத்து அவரு ஷிப்டுக்குப் போனப்புறம் எதிர் வூட்டு அக்காவோட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்க பார்த்தேன். நாப்பத்திமூணேதான். மெதுவா ஏறும், பயமில்ல, நல்லா சாப்புடுன்னு டாக்டரே எனக்கும் வெளக்கிச் சொன்னாரு. எனக்கு இப்ப தைரியம் வந்துடுச்சி."

பழனிவேல் ஸ்பேனரை எடுக்க டூல்ஸ் பைக்குள் கையை விட்டார்.

சரிதா அவசரமாகக் குறுக்கே நின்றாள்.

"சரி பண்ணிடாதீங்கண்ணே. நான் தேறலன்னு அவரு ஒழுங்கா சாப்புட்டே ரொம்ப நாளாச்சு. அப்படியே இருக்கட்டும். பாவம், அவரு நம்பிட்டாரு."