காக்கா பேசாத புதன்

காக்கா வாயை அகலத் திறந்திருந்தது. தலைக்கு மேலே வசனத்துக்கான வட்டமும் இருந்தது. வட்டத்துக்குள் ஓர் எழுத்துகூட இல்லை.

மதியம் ஒரு மணி. பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவும் அறை. கையுறையைக் கழற்றிவிட்டு, பூட்டிவைத்திருந்த போனை அப்போதுதான் எடுத்தேன்.

என் படக்கதை காலை ஏழரைக்கே இணையத்தில் ஏறிவிட்டது. ஐந்தரை மணி நேரமாக ஊரே பார்த்திருக்கிறது.

அதுவும் நூற்று ஐம்பதாவது வாரம். மகளுக்கு அம்மை போட்டிருந்தபோதும், வீடு மாறியபோதும், கணவருக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தபோதும் தவறாத புதன்கிழமை. யானை நுழைந்து வால் மாட்டிக்கொண்ட கதையாகிவிட்டது.

திரையில் வரைவது கண்ணாடித் தாள்களை அடுக்குவது மாதிரிதான். கோடு ஒரு தாள், நிறம் ஒரு தாள், எல்லாவற்றுக்கும் மேலே வசனம். காலையில் அணிலின் வாலைத் திருத்துவதற்காக வசனத் தாளை மறைத்தேன். திரும்பக் காட்டப் போன நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"பொம்மைப் படம் எங்கேயும் ஓடிடாது. முதல்ல புள்ளைக்கு ஷூவ மாட்டு, வண்டி வந்துரும்."

வசனத் தாளை மறந்து, படத்தை அப்படியே ஏற்றிவிட்டு ஓடினேன். விரட்டியவர் என் நாத்தனார். கணவருக்கு அக்கா. மாடி வீட்டுக்காரர். கால் முறிந்ததிலிருந்து ஆறு வாரமாக எங்கள் வீட்டு சோபாவில்தான் அவர் ராஜாங்கம். நான் வரைவதை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

பார்க்காதவரை எனக்கு நல்லதுதான். கதையில் வரும் அணில் நான். காக்கா அவர். அவர் வாயில் வருவதை அப்படியே பிடித்துக் காக்காவின் வாயில் போட்டுவிடுவேன்.

அவர் கண்ணாடியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிறவர். அதனால் அடையாளம் தெரியாமலிருக்க, முதல் வாரமே காக்காவின் கண்ணாடிக்கு ஒரு சிவப்புச் சங்கிலி மாட்டிவிட்டேன்.

படத்தைத் திருத்தலாமென்றால் கோப்பு வீட்டில் இருக்கிறது. எடுத்துவிட்டால் புதன் தவறிவிடும். விட்டுவைத்தால் மானம் போகும். அழுகை வந்தது.

திட்டு வாங்கத் தயாராகிக் கீழே கருத்துகளைத் திறந்தேன்.

முந்நூற்றுச் சொச்சம். நூற்று ஐம்பதாவது வாரத்துக்கு நான் ஏதோ போட்டி வைத்திருப்பதாக நினைத்து, ஆளாளுக்குக் காக்காவின் வசனத்தை எழுதித் தள்ளியிருந்தார்கள். ஒருவர் அதை மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார். உடனே பத்துப் பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள், எங்கள் காக்கா செத்தாலும் கேட்காது என்று.

எங்கள் காக்காவாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னும் கீழே போனேன். படம் வைக்காத ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி.

"உப்பையெல்லாம் கதையில போட்டுட்டியா? சாப்பாட்டுல காணோமே."

நான் எழுதியிருந்ததும் அதுதான். ஓர் எழுத்து பிசகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அந்த வசனம் பிறந்தபோது இருந்தவர்கள் மூன்றே பேர். கேட்டது நானும் என் மகளும். மகளுக்கு நாலு வயது, எழுதத் தெரியாது. மூன்றாவது ஆள், அதைச் சொன்னவர்.

வரைகிறவர் வசனம் போட மறந்துவிட்டாரோ என்று அதற்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்கள். பதிலும் அதே கணக்கிலிருந்துதான்.

"மறக்கிற ஆளா அவ? வேலை, வீடு, புள்ள, போதாததுக்குக் கால் ஒடிஞ்ச நாத்தனார் வேற. அத்தனையும் பார்த்துக்கிட்டு மூணு வருஷமா ஒரு புதன் விட்டதில்ல. வாயக் கழுவுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கணக்கைத் தொட்டேன். நூற்று ஐம்பது வாரத்துக்கும் விருப்பக்குறி இருந்தது. இன்றையதைத் தவிர, முதல் வாரத்தில் மட்டும் ஒரு கேள்வி.

"இந்தக் காக்கா சங்கிலிய எங்க வாங்குச்சு?"

அப்போது என்னை நாலு பேர்கூடப் படிக்கவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதமே நாத்தனார் தன் கண்ணாடிக்கு ஒரு சிவப்புச் சங்கிலி வாங்கினார். தற்செயல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று காலை என்னை விரட்டியபோதும் அவர் கழுத்தில் அதுதான் தொங்கிக்கொண்டிருந்தது.