ஒரு விரல் இடைவெளி

பாகம் பிரித்தபோது பொதுச்சுவரே வேண்டாம் என்று அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சுவர் எழுப்பிக்கொண்டார்கள். நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதில் இறங்கிய மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தை அரித்து, அண்ணன் வீட்டுத் தரையோரம் கசிந்தது. சுவர் வயிறு தள்ள ஆரம்பித்தது. விட்டால் வீடே உட்கார்ந்துவிடும்.

கொத்தனாரை நம்பாத அண்ணன், தானே சிமெண்ட் குழைத்துச் சுவரடி விரிசலை அடைத்தார். விடிந்து பார்த்தால், அடைத்ததெல்லாம் உடையாமல் நீளமாகத் தரையில் கிடந்தது. மறுபடி அடைத்தார். மறுபடி கிடந்தது.

தம்பி வீட்டு வாசலில் போய்க் கத்தினார். “உன் புத்தி தெரியாதா? அந்தப் பக்கமிருந்து கம்பி விட்டுக் குத்துறே!”

“உன் சுவர் சாஞ்சா என் தலையிலதான் விழும். எனக்கென்ன பைத்தியமா? என் பக்கம் அடைச்சதும் இப்படித்தான் விழுது.”

“நம்பிட்டேன்! வீட்டைப் பூட்டிட்டு நீயும் உன் பெண்டாட்டியும் என் கண்ணு முன்னால வந்து நில்லுங்க.”

இருவரும் அண்ணன் வீட்டுக்குள் வந்து நின்றார்கள். அண்ணன் குந்தி உட்கார்ந்து ஈர சிமெண்டைக் கரண்டியால் அழுத்தினார். உள்ளே போனது. பிறகு நிதானமாக வெளியே வந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சுவருக்குள் இருந்த பக்கத்தில் ஐந்து விரல்நுனிகள் பதிந்திருந்தன.

“யாருண்ணே அது?” என்றான் தம்பி.

“யாரா இருந்தா என்ன? வெளிய வந்தா அதுவும் பாகம் கேட்கும். வா, அழுத்திப் புடி.”

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.