கூடை நிறைய நட்சத்திரப் பழம்

“கூடை நிறையப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பாத்ததும் உங்க வீட்டு பேண்டு வாத்தியக்காரர் முகத்தைப் பாக்கணுமே!” என்றாள் கீழ்வீட்டு அக்கா.

தையல் கடையிலிருந்து திரும்பியவள் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனால் அக்கா வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டாள் என்பது அந்தக் கட்டடத்துக்கே தெரியும்.

“என்ன பழம்க்கா?”

“நட்சத்திரப் பழம். எங்க அண்ணன் தோட்டத்துல காய்ச்சது. குறுக்க வெட்டினா நட்சத்திரமாட்டம் இருக்குமே, அது. சும்மா சொல்லக்கூடாது, அதுல இல்லாத குணமே கிடையாது. இருமல் போகும், பித்தம் தணியும், ரத்தக் கொதிப்பு அடங்கும், குடிச்சவனுக்குப் போதையே தெளியும்னா பாத்துக்கயேன்! எங்கம்மா அதை வெச்சுத்தான் பித்தளைக் குடமெல்லாம் தேய்ப்பாங்க. தங்கம் தோத்துடும். வெளிய இருக்கற களிம்பையே எடுக்குதுன்னா, உள்ள இருக்கற அழுக்கை விட்டு வைக்குமா? அவரு கிட்னி சுத்தமாயிடும் பாரேன்!”



வீட்டில் சமைக்கிறவள் என்பதால், கணவருக்கு டயாலிசிஸ் செய்யும் நர்ஸ் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள். மற்றவர்களுக்கு அது பழம், கிட்னி கெட்டவர்களுக்கு விஷம். முதலில் விக்கல் வரும், பிறகு புத்தி தடுமாறும். அதற்கு மேல் நர்ஸ் சொன்னதை நினைக்கவே அவளுக்குத் தைரியமில்லை. கடையில் கண்ணாலும் காணாத பழத்தைப் பற்றி அவரிடம் என்னத்துக்குச் சொல்லிப் பயமுறுத்த என்று விட்டுவிட்டாள். அது எவ்வளவு பெரிய தப்பு!

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? எனக்கும்தான் தலைவலி. மத்தியானம் எந்தப் பாவியோ விடாம ஹார்ன் அடிச்சு என் தூக்கத்தையே…”

அக்கா முடிப்பதற்குள் அவள் மாடிக்குப் பறந்துவிட்டாள்.

கணவர் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கூடை காலி. பாத்திரம் கழுவும் தொட்டியில் பிழிந்த சக்கைதான் கிடந்தது.

“ஏங்க! பழமெல்லாம் எங்க?”

“தீந்து போச்சும்மா…” என்றவர் உடனே, “விக்!” என்றார்.



“ஒரு கூடை பழம்! அத்தனையுமா?”

“ஆரம்பிச்சா நிறுத்த மனசு வரல. கோவப்படாத. விக்!”

திருட்டுப் பூனை மாதிரி ஒரு சிரிப்பு வேறு. உதடு தடித்துச் சிவந்திருந்தது. கையைப் பிடித்தால் புளிப்பு வாசனை. மூச்சு வாங்கியது.

“நான் சொல்றதக் கொஞ்சம்…”

“வாயத் திறக்காதீங்க! பேசினா இன்னும் மூச்சு வாங்கும்.”

நோயென்று தெரிந்த நாளிலிருந்து அவரைத் தரையில் விடாமல் தாங்கி வந்தவள் அவள். வாளி தூக்கக்கூடாது, தனியாகப் படி ஏறக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. பேண்டு கோஷ்டி நண்பர்கள் வந்தால்கூட வாசலோடு அனுப்பிவிடுவாள். இத்தனை பாடும் ஒரு கூடைப் பழத்தில் போய்விடுமா? நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“விக்கல் இருக்கா?” என்றாள் நர்ஸ்.

“இருக்கு சிஸ்டர். உதடுகூட வீங்கியிருக்கு.”

“பேச்சு குளறுதா? ஏதாவது மாத்தி நடந்துக்கறாரா?”

“தெரியலையே… சிரிக்கிறாரு சிஸ்டர்!”

“உடனே கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லி வைக்கறேன்.”

அதற்குள் கீழ்வீட்டு அக்கா இரைக்க இரைக்க ஏறி வந்திருந்தாள். போனில் பேசியது காதில் விழுந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “நல்லதுன்னு நெனச்சுத்தானே கொடுத்தேன்! என் கையாலேயே விஷத்தக் கொடுத்துட்டேனே! கீழ எங்க வண்டி நிக்குது, கெளம்புங்க!”

“எழுந்திரிங்க,” என்று அவள் கணவரின் தோளைப் பிடித்தாள்.

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு!”

“இதுக்குப் போயா ஆஸ்பத்திரி? விக்!”

“போர்வைய விடுங்க முதல்ல.”

அவர் போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம்மா, சொன்னாக் கேளு. இனிமே தொடவே மாட்டேன். சத்தியமா!”

“இனிமே தொடறதுக்கு நீங்க இருக்கணுமே!” அழுதுகொண்டே அவள் போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளேயிருந்து, தகதகவென்று மின்னிக்கொண்டு, அவள் பரணில் ஒளித்து வைத்திருந்த அவருடைய டிரம்பெட் நழுவி வந்து அவள் காலடியில் விழுந்தது.

“களிம்பு ஏறிக் கெடந்துச்சும்மா. பழம் பித்தளைக்கு நல்லதுன்னு அக்கா சொன்னாங்க, பூராவையும் அதுலயே தேச்சுட்டேன். பளபளன்னு பாத்ததும் மனசு கேக்கல, எடுத்து ஊதிட்டேன். பழக்கம் விட்டுப் போச்சுல்ல, உதடு வீங்கி, விக்கல் புடிச்சுக்கிச்சு.”

“அப்ப, நீங்க ஒரு துண்டுகூட…”

“சேச்சே! புளிப்பை எவன் தின்னுவான்?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, “அப்பாடா!” என்று டிரம்பெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட கீழ்வீட்டு அக்கா அப்போதுதான் பேண்டுக்காரரை நன்றாக முறைத்துப் பார்த்தாள். “அப்ப, மத்தியானம் பூரா ஹார்ன் அடிச்ச பாவி நீங்கதானா?”