ஏழு வருஷக் கடன்

“ஆமாங்க மேடம், ஏழு வருசக் கடன். வர்ற ஒண்ணாந்தேதியோட முடியுது. வட்டி ஒரு தபாகூட தவறல. அசலு நாலு லட்சந்தான் பாக்கி.”

சவரிமுத்து வாசலில் நின்று போனில் பேசியது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி செபஸ்தியம்மாளின் காதில் விழுந்தது. நாலு லட்சமா? கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தன் தம்பி மார்ட்டினுக்கு போர்வெல் போட அவள் கழற்றிக் கொடுத்த வளையல் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து சவரிமுத்து வீட்டில் பணப்பேச்சே எடுப்பதில்லை. ரோடு போட எடுத்த முக்கால் ஏக்கர் நிலத்துக்கு எவ்வளவு பணம் வந்தது, எங்கே போனது என்று கேட்க அவளுக்கும் முகமில்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வருஷத்துக்கு இரண்டு தடவை, “வட்டி விசயமா போய்ட்டு வரேன்” என்று கள்ளக்குறிச்சி பேங்குக்குப் போவார். திரும்பும்போது அரை கிலோ கறியோடு வருவார். வட்டி கட்டின கையோடு கறி எதுக்கு என்று தோன்றும். மனசு ஆறட்டும் என்று பேசாமல் குழம்பு வைத்துவிடுவாள்.

அன்று ராத்திரி கேட்டேவிட்டாள். “இன்னாங்க, ஒண்ணாந்தேதி இன்னா செய்யப் போறீங்க?”

“அத நான் பாத்துக்கறேன். நீ படு.” அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அறுபத்து மூன்று வயதில் இன்னும் கூலிக்குக் கரும்பு வெட்டும் முதுகு. அதைப் பார்த்தபடியே அவள் முடிவு செய்தாள்.

ஒண்ணாந்தேதி காலை ஆறு மணி பஸ்ஸில் அவர் கிளம்பியதும், மாட்டு வியாபாரி பொன்னுரங்கம் வேனோடு வந்தான். இரண்டு கறவை மாட்டுக்குத் தொண்ணூற்றைந்தாயிரம் எண்ணிக் கொடுத்தான்.

“பால் காசுலதான வூடு ஓடுது, யோசிச்சிக்கினு சொல்லுங்கக்கா.”

“யோசிச்சாச்சுப்பா. ஓட்டிக்கினு போ.”

பழகிய கொட்டகையை விட்டு வர மறுத்து மாடுகள் இழுத்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

பேங்கில் நல்ல கூட்டம். சுவரிலிருந்த டிவியில் பட்ஜெட் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டுக்கு இருக்கிற கடன் லட்சக்கணக்கான கோடி என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

“இம்மாங் காச யாருகிட்டதான் வாங்கியிருப்பானுங்க?” என்றார் வரிசையில் நின்ற பெரியவர்.

“எல்லாம் வெளிநாட்டுலதான்” என்றார் காவலாளி.

கண்ணாடி அறைக்குள், அதிகாரி எழில்மதிக்கு முன்னால் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். செபஸ்தியம்மாள் நேரே உள்ளே போய்ப் பையை மேஜைமேல் வைத்தாள்.

“மேடம், இதுல தொண்ணூத்தி அஞ்சாயிரம் இருக்குது. மீதிக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. இவர ஒண்ணும் சொல்லாதீங்க, இவரால இனிமே முடியாது.”

எழில்மதி பையைப் பார்த்தாள், சவரிமுத்துவைப் பார்த்தாள். “ஐயா, அம்மாகிட்ட நீங்க சொல்லவே இல்லீங்களா?”

சவரிமுத்து பேனாவை மூடி வைத்தார். “ஏது இந்தப் பணம்?”

“மாட்ட வித்துட்டேன்.”

“ரெண்டையுமா?”

அவள் தலையை ஆட்டினாள். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“செபஸ்தி, கடன் வாங்கினது நான் இல்ல. ரோட்டுக்குப் போன நெலத்துக் காச இங்கதான் கவர்மென்ட்டு பத்திரத்துல போட்டு வெச்சேன். கவர்மென்ட்டுதான் நம்மகிட்ட வாங்கிச்சி.”