குதிகாலில் ஒரு கறுப்பு

"கீற மாட்டீங்கல்ல டாக்டர்?"

நாச்சியப்பன் இதோடு நான்காவது முறையாகக் கேட்டுவிட்டார்.

"கத்தியும் இல்ல, ஊசியும் இல்ல அங்கிள். இது வழியா பாக்கப்போறேன், அவ்வளவுதான் லா," என்றார் டாக்டர் புனிதவதி.

கையடக்க டார்ச் லைட் மாதிரி இருந்தது அந்தக் கருவி. தோலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதன் லென்ஸை அழுத்தி வைத்தால், உள்ளே இருப்பதெல்லாம் பெரிசாகத் தெரியுமாம். தொண்ணூற்று மூன்றில் அது புதுசு. பிரிக்பீல்ட்ஸில் இப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தவள் நாச்சியப்பனின் மனைவி விசாலம்.

நாச்சியப்பனுக்குச் சர்க்கரை உடம்பு. காலில் கத்தி பட்டால் ஆறவே ஆறாது என்று எவனோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் குதிகாலில் ஐந்து சென் காசு அகலத்துக்கு ஒரு கறுப்பு வந்துவிட்டதே!

மூன்று நாளைக்கு முன்னால் விசாலம்தான் பார்த்துச் சொன்னாள். தொந்திக்காரர், குனிந்து பார்க்க வழியில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைக் காலுக்கு அடியில் பிடித்துக் காட்டினாள். மனிதர் அன்றைக்குக் கடைக்கே போகவில்லை. பந்திங்கில் இருந்த அண்ணன் குமரப்பனைக் கொண்டுபோனதும் குதிகாலில் வந்த ஒரு கறுப்புதான்.

தொட்டால் பரவும் என்று தொடவில்லை. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலிலேயே நடந்தார். குளிக்கும்போது காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டார். சாக அவருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

'எனக்கா, எனக்கா இப்படி?' என்று புலம்பல் வேறு. ஏனென்றால் அவர் அதிர்ஷ்டக்காரர். அதே காலில், சுண்டுவிரல் ஓரமாக, அதற்கு அத்தாட்சியாக ஒரு மச்சம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அது வந்த மாதம்தான் கிள்ளானில் இரண்டாவது துணிக்கடை அமைந்தது. கடை வளர வளர மச்சமும் கொஞ்சம் வளர்ந்தது. அவருக்கு அதில் பெருமைதான்.

ஐம்பது வயசுக்கு மேல் எங்கிருந்து புது மச்சம் வரும், யாரிடமாவது காட்டுங்கள் என்று விசாலம் நச்சரிக்காத நாளில்லை. அழுதும் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். அதிர்ஷ்டத்தை எவனாவது டாக்டரிடம் காட்டுவானா என்று சிரித்தே தள்ளிவிடுவார்.

டாக்டர் குதிகாலில் எண்ணெய் விட்டார். லென்ஸை வைத்தார். நாச்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டு தண்டாயுதபாணியைக் கூப்பிட்டார்.

லென்ஸை எடுத்துவிட்டு டாக்டர் பஞ்சால் ஒரு துடை துடைத்தார். கறுப்பு மொத்தமும் பஞ்சோடு வந்துவிட்டது.

"அங்கிள், இது கண்மை!"

போன உயிர் திரும்பி வந்தது நாச்சியப்பனுக்கு. அப்பாடா! மை எப்படி அங்கே வந்தது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. காலை இழுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

விசாலம் அந்தக் காலைப் பிடித்து நிறுத்தினாள்.

"வந்ததுதான் வந்துட்டோம் டாக்டர். அந்த மச்சத்தையும் ஒரு தடவ பாத்துடுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். இன்னொரு சொட்டு எண்ணெய். லென்ஸை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"இது மச்சம் மாதிரி தெரியல அங்கிள். எடுத்து லேப்புக்கு அனுப்பணும். சின்னதா இருக்கறப்பவே வந்தீங்களே, அது நல்லதாப் போச்சு."

நாச்சியப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். காலைப் பிடித்திருந்த கையை அவள் இன்னும் விடவில்லை. கண்ணுக்கு மையிடும் பழக்கமே இல்லாதவளின் மோதிர விரல் நகத்துக்குள் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது.

அவர் காலை நீட்டினார்.

"கீறிடுங்க டாக்டர்."